ஜெயம்மாளும் ராஜாங்கத்தின் மண் ஆட்களும்

எகிப்து ராஜாக்களுக்கு அப்புறம் இந்த உலகத்திலேயே மண்ணால் செய்த வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு மண்ணுக்குள் போன ஒரே மனிதர் எங்கள் ஊர் ராஜாங்கம்தான். சரி, இது கொஞ்சம் ஜாஸ்தி. சீனாவில் ஒருத்தர் ஒரு படையையே மண்ணில் செய்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் வம்சத்தில் யாராவது சண்டைக்கு வந்தால் பதில் சொல்ல முடியாது. சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் அப்படிப் போனவர் இவர் ஒருத்தர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொய் இல்லை.

ஆனால் இது ராஜாங்கத்தின் கதை இல்லை. உயிரோடு இருந்தவரைக்கும் எல்லாப் பேச்சையும் தன் பக்கம் இழுத்துக்கொண்ட மனிதர், செத்த பிறகும் அதையே செய்யப் பார்க்கிறார். இது அவர் வீட்டில் வேலை செய்த ஜெயம்மாளின் கதை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள் ஜெயம்மாள். கல்யாணமான மறுவாரமே மாமியார் அவளை ராஜாங்கத்தின் வீட்டுப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இனிமே இவ வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சாணி அள்ளுவது, வாசல் தெளிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கரும்புக்குச் சோகை உரிப்பது, மரவள்ளிக் குச்சி நடுவது, மக்காச்சோளம் காயப்போடுவது, மழை வந்தால் அதை வாரி மூடுவது எல்லாம் அவள்தான். ராஜாங்கம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறோம். "ஏய்" என்பார். எங்கே இருந்தாலும் "தோ வந்துட்டேங்க" என்று குரல் வரும்.

ஒரு தரம் அவள் கல்வராயன் மலையடிவாரத்தில் கடுக்காய் பொறுக்கப் போயிருந்தாளாம். ராஜாங்கம் இங்கே வரப்பில் நின்றுகொண்டு "ஏய்" என்றாராம். அவள் அங்கிருந்தே "தோ வந்துட்டேங்க" என்றாளாம். மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னதாம். இரண்டு ஆள் வருகிறார்கள் என்று நினைத்து அவர் இரண்டு மம்பட்டியை எடுத்து வைத்தாராம். இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த இரண்டு மம்பட்டி வேலையையும் அவள் ஒருத்தியே செய்தாள் என்பதை நம்பலாம்.

புருஷன் பூமாலை, ராஜாங்கத்தின் கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து போய்ச் சேர்ந்தான். ராஜாங்கம் வந்து எட்டிப் பார்த்தார். "கெணறு போச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜெயம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கைப்பிள்ளையாக மகன் ஜீவா இடுப்பில் இருந்தான்.

அந்த ஜீவா நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததும் ராஜாங்கத்தின் கண் அவன்மேல் விழுந்தது. மாடு மேய்க்க அனுப்பச் சொன்னார்.

"அவன் பள்ளிக்கூடம் போவட்டுங்க. மாட்ட நான் பாத்துக்கறேன்."

"நீ வூட்டு வேலைய பாப்பியா, மாட்டப் பாப்பியா?"

"ரெண்டுந்தாங்க."

இரண்டும்தான் பார்த்தாள். பையன் கள்ளக்குறிச்சியில் அரசாங்க விடுதியில் தங்கிப் படித்தான். அப்புறம் ஐ.டி.ஐ. அப்புறம் ஏதோ பரீட்சை எழுதி ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் ஆகி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் சின்னசேலம் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தான். பச்சைக்கொடி பிடித்து அவன் நிற்பதைப் பார்க்க ஜெயம்மாள் ஒரு நாள் பஸ் ஏறிப் போனாள். ரயில் நிற்காமல் போய்விட்டது. "அவன் போகச் சொன்னான், அது போயிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வாயில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

ஜீவா தன்னோடு வந்து இருக்கச் சொல்லித்தான் பார்த்தான். அவள் போகவில்லை. காலையில் எழுந்தால் கால் தானாக வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது என்றாள். அவனும் ராஜாங்கத்தின் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாவைப் பார்க்க வந்தால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வராமலே திரும்பிவிடுவான்.

இதற்கு நடுவில் ராஜாங்கத்துக்கு ஒரு பெரிய வியாதி வந்தது. அதற்குப் பேர், ஆள் கிடைக்காதது. பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். விடிந்தால் ராஜாங்கம் "ஆளு இல்ல" என்பார். பொழுது சாய்ந்தால் "ஆளே இல்ல" என்பார். இந்தப் புலம்பலைத் தாங்க முடியாமல்தான் குவைத்தில் வேலை பார்க்கும் மகன் இளவரசன், அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் எகிப்தைச் சுற்றிக் காட்டினான். அம்மா விஜயலட்சுமிக்கு முழங்கால் வலி. வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாரம்தான் தன் கல்யாண வாழ்க்கையில் தான் சுகமாகத் தூங்கியது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அங்கே பிரமிடைப் பார்த்தார். "செங்கல்லுல கட்டிருந்தா கம்மியில முடிஞ்சிருக்கும்" என்றார். ஆயிரக்கணக்கான வருஷமாகத் துணி சுற்றிக் கிடக்கிற ராஜாக்களைப் பார்த்தார். "கண்றாவி" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நின்ற குட்டிக் குட்டி மண் பொம்மைகளைப் பார்த்தபோதுதான் அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி வரும்போது கடைத்தெருவில் விற்கிற ஒரு நீலப் பொம்மையை வேட்டிக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். வந்த கையோடு சடையனை வரச் சொன்னார்.

சடையன் அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிறவன். குதிரை மட்டுமில்லை. இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, கண்டம் இருக்கிறது என்று சோசியன் சொன்னாலோ, அவர் பேரில் ஒரு மண் உருவம் செய்து சுட்டு அய்யனார் முன்னால் நிறுத்துவது வழக்கம். வருகிற கெடுதல் மண்ணோடு நின்றுவிடும், மனுஷன் பிழைத்துக்கொள்வான். அதற்கு உருவாரம் என்று பேர்.

ராஜாங்கம் சடையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம ஆளுங்க இருக்காங்க இல்ல, எல்லாரையும் சாண் உயரத்துக்கு அப்படியே செஞ்சு குடு. மூஞ்சி அவங்க மூஞ்சியாவே இருக்கணும். கையில மம்பட்டி, தோள்ல கூடை."

எதற்கு என்று சடையன் கேட்கவில்லை. மனுஷ உருவத்தை வேறு எதற்குச் செய்வார்கள்? வாய்க்காலைத் தாண்டிப் போய் ஜெயம்மாளின் தெரு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா உங்க பேருக்கெல்லாம் உருவாரம் எடுத்து வெக்கப் போறாரு" என்றான்.

தெருவே அவனைச் சுற்றிக் கூடிவிட்டது.

"யாரு, அந்த ஆளா?"

"அவரேதான்."

"வயசாயிடுச்சு இல்ல. பயம் வந்துருக்கும்."

"எதுவோ ஒண்ணு. நமக்கு நல்லதுதானே செய்யறாரு."

பெண்கள் தலையைச் சீவிக்கொண்டு வந்து சடையன் முன்னால் நின்றார்கள். ஒருத்தன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, இப்படியே இருக்கட்டும் என்றான். பெங்களூருக்குப் போன பையன்களின் அம்மாக்கள் செல்போனில் போட்டோவைக் காட்டினார்கள். ஜெயம்மாளும் காட்டினாள். அவளை யாரும் கேட்கவில்லை. ராஜாங்கத்தின் ஆட்களில் ஜீவா இல்லை. அவளாகத்தான் போனாள்.

"சடையண்ணே, எம் பையனையும் சேத்துக்கோண்ணே. தண்டவாளத்து மேல நின்னுக்கினு இருக்கற வேலை. எனக்குப் பக்கு பக்குன்னு இருக்குது. மூக்கு கொஞ்சம் சப்பையா இருக்கும், பாத்து வையி."

"மம்பட்டி வெக்கச் சொல்லிருக்காரும்மா."

"வையேன், இன்னா இப்ப. சாமிக்குத்தானே."

பொம்மைகள் வெந்து வந்தன. அவை அய்யனார் கோயிலுக்குப் போகவில்லை. ஒரு பலா மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி ராஜாங்கம் பரண்மேல் ஏற்றிவிட்டார். நல்ல நாள் பார்க்கிறார் போல என்று தெரு நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து காஜா பாய் வந்தார். ராஜாங்கத்தின் மக்காச்சோளத்தை வருஷா வருஷம் எடுக்கிற வியாபாரி. ஜெயம்மாள் டீ கொண்டுவந்தபோது ராஜாங்கம் அந்த நீலப் பொம்மையை அவர் கையில் கொடுத்துவிட்டு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதும் பேரு உஷப்தி, பாய். செத்தவனோட குழியில வெக்கறது. செத்தப்புறம் அங்க ஒரு வயலு இருக்குதாம். அங்கயும் தண்ணி கட்டணும், மண்ணு சுமக்கணும். சாமி வந்து, யாருடா இங்க, வேலைக்கு வாங்கடான்னு கூப்புடும். செத்தவன் அசைய வேண்டியதில்ல. இவன் எழுந்து, தோ இருக்கறேன்னு சொல்லிட்டுப் போயி செஞ்சுட்டு வந்துடுவான்."

"அப்ப அங்க நூறு நாள் வேலையெல்லாம் இல்லீங்களா?"

"இல்லவே இல்ல பாய்! வருசம் பூரா. லீவு கெடையாது. இவங்கள மேய்க்க சாட்டையோட ஒரு மேஸ்திரி பொம்மை வேற."

காஜா பாய் பொம்மையை மெல்லக் கீழே வைத்தார். "எங்களுக்கெல்லாம் போறப்ப மூணு துண்டுத் துணிதாங்க. ஆளு கூட்டிக்கினு போறதுக்கு விசா குடுக்க மாட்டாங்க."

ராஜாங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நான் எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். நம்ம ஆளுங்க மொத்தமும் பரண் மேல ரெடியா இருக்கறாங்க. தோ, இவ பையன் ஒருத்தன் இருக்கறானே, கொடி ஆட்டறவன், அவனும் இருக்கான். சின்னதுல டிமிக்கி குடுத்துட்டு ஓடுனான். இனிமே எங்க ஓடுவான்?"

ஜெயம்மாள் டீயை வைத்தாள். உள்ளே போய், கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். காஜா பாயின் வண்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டதும் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"ஐயா, ஜீவா பொம்மைய மட்டும் குடுத்துடுங்க."

"எதுக்குடி?"

"அவன் உங்க ஆளு இல்லீங்களே. ரயில்வே ஆளு."

"உங்கப்பன் என் ஆளு. உம் மாமனாரு என் ஆளு. உம் புருசன் என் ஆளு. இவன் மட்டும் எப்படி இல்லாம பூடுவான்? நீயாத்தானே போட்டோ காட்டுன?"

"சாமிக்குன்னு நெனச்சேங்க."

"நான் மட்டும் இன்னா, பேயா?"

என்ன தோன்றியதோ, "அப்ப அவங்க அப்பாவுக்கு ஏங்க செய்யல?" என்று கேட்டாள்.

"பூமாலைக்கா? அவன்தான் முன்னாடியே போயிட்டானே. அங்க எனக்காக நின்னுக்கினு இருப்பான்." ராஜாங்கம் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கணக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற நிம்மதியோடு சொன்னார். "உன்னுதைக் கேட்டாக்கூட யோசிக்கலாம். உனக்கு முட்டி போயிடுச்சு. அவன் ஒடம்பு நல்ல ஒடம்பு."

"வெறும் மண்ணுதானேங்க. குடுத்துடுங்களேன்."

"வெறும் மண்ணுன்னா நீ எதுக்குக் கேக்கற? போ, மாட்டுக்குத் தண்ணி காட்டு."

"தோ போறேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. தொட்டியண்டை போய் நின்ற பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. மாடு குடித்து முடித்து வெகுநேரம் வரை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜீவாவிடம் போனில் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ம்மா, மண்ணு பொம்மைம்மா. அந்த ஆளு செத்துட்டா செத்துட்டான். அவனால இன்னா பண்ண முடியும்?"

"நீ சிரி."

"பின்ன அழுவ சொல்றியா? வேலைய விட்டுட்டு வந்துடும்மா நீ."

எகிப்துக்காரர்கள் சொன்னதை அவள் நம்பினாளா என்றால், அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு ராஜாங்கத்தைத் தெரியும். அந்த மனுஷன் கூப்பிடுவார். எங்கே போனாலும் கூப்பிடாமல் இருக்க மாட்டார். அதற்கப்புறம் ஜீவாவுக்குச் சளி பிடித்தாலும், அவன் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும், அவள் நிமிர்ந்து அந்தப் பரணைத்தான் பார்த்தாள். ஏணி அங்கேயேதான் சாய்ந்திருந்தது. ஏறி எடுத்துவிடலாம். எடுத்தால் தெரிந்துவிடும், சடையனைக் கூப்பிட்டு இன்னொன்று செய்யச் சொல்லிவிடுவார். அவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகவே அவள் காத்திருந்தாள். ஒருத்தருக்குச் சாவு வர வேண்டும் என்று காத்திருப்பது எவ்வளவு அசிங்கமான வேலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலையையும் அவர்தான் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் மும்முனைக் கரண்ட் வரவில்லை என்று மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்த ராஜாங்கம், ஒரு கெட்ட வார்த்தையின் பாதியில் சாய்ந்துவிட்டார். மீதிப் பாதியைக் கேட்க அந்தப் பக்கத்து ஆள் கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

இளவரசன் வந்து சேர்கிறவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவருடைய கரும்புக் கொல்லையிலேயே குழி வெட்டினார்கள். வீடு நிறையச் சனம். விஜயலட்சுமி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயம்மாளைக் கண்ணாலேயே கிட்டே கூப்பிட்டாள்.

"ஜெயா, பரண் மேல அந்தப் பெட்டி. எறக்கித் தொடைச்சு வையி. பாடையோட போவணுமாம். சத்தியம் வாங்கிக்கினாரு பையன்கிட்ட."

"சரிங்கம்மா."

"எனக்கு ஒரு பொம்மை செய்யல பாத்தியா அந்த மனுசன்?" விஜயலட்சுமி தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். "அந்த மட்டும் தப்பிச்சேன்."

அந்த வீட்டில் அவ்வளவு பேர் இருந்தும், பெட்டியை இறக்கித் துடைக்கிற வேலைக்கு ஜெயம்மாளைத் தவிர வேறு யாரையும் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ராஜாங்கம் இருந்திருந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார். ஜெயம்மாள் பெட்டியை மாட்டுக்கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பழந்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சடையன் நன்றாகத்தான் செய்திருந்தான். மீசைக்காரன் மீசையோடு இருந்தான். தலை சீவினவள் சீவின தலையோடு இருந்தாள். எல்லார் கையிலும் மம்பட்டி. அவளும் இருந்தாள். தன் கன்னம் இவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அடியில் ஜீவா. சப்பை மூக்கு. போட்டோவில் போட்டிருந்த சட்டையைச் சடையன் விடவில்லை. காலர் வைத்து, பித்தான் வைத்து, பையில் பேனாகூட வைத்திருந்தான். அப்படிச் செய்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் அந்தக் கையில் ஒரு மம்பட்டியையும் கொடுத்திருந்தான். பள்ளிக்கூடம், விடுதி, பரீட்சை எல்லாம் அந்த ஒரு சாணுக்குள் ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

அவள் அதை மடியில் கட்டிக்கொண்டாள். காலியான இடத்தில் வைக்கோலைத் திணித்தாள்.

இளவரசன் வந்து எட்டிப் பார்த்தான். தூக்கமில்லாத கண். இந்தப் பொம்மை விவகாரத்தில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். "எல்லாம் சரியா இருக்குதா ஜெயம்மா?"

"இருக்குதுங்க தம்பி."

அவன் பெட்டிக்குள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூடி ஆணி அடித்து எடுத்துக்கொண்டு போனான்.

இந்த ஊரில் பெண்கள் குழி வரைக்கும் போவதில்லை. முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். பாடை கரும்புக் கொல்லைப் பக்கம் திரும்பியது. மேளம் போனது. பெட்டி போனது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயம்மாள் அழவில்லை. மடியில் பையனோடும், அவனுக்குத் துணையாகத் தானும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்ட தன்னுடைய பொம்மையோடும், நேராக ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்கு நடந்தாள். இரண்டையும் குதிரைகளின் காலடியில் நிறுத்தினாள். ஒரு கருங்கல்லை எடுத்து இரண்டு மம்பட்டியையும் உடைத்தாள். அந்தச் சத்தம் கல்வராயன் மலை வரைக்கும் போனது. மலை அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ராஜாங்கத்தின் வீட்டிலிருந்து யாரோ "ஏய்" என்று கூப்பிட்டார்கள். அவள் அந்த வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து முதல்முறையாக அந்தத் தெருவிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

இதுவரைக்கும் எழுதியதை நான் வாசித்துக் காட்டும்போது ஜெயம்மாள் எதிரில் உட்கார்ந்து முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அதெல்லாம் சரி. பொம்மை ரெண்டு இல்ல, ஒண்ணுதான் எடுத்தேன். என்னுது அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்குது."

ஏன் என்று கேட்டதற்கு முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அதையும் எடுத்துட்டா, அந்த ஆளு அங்கேர்ந்து கூப்புடறப்ப யாரு போறது? யாரும் போவலன்னா எம் புள்ளையத்தானே தேடுவான்."